வேர்விடாமல் தழைத்த கிளுவை

கிளுவைக்கு விதை உண்டா என்று என்னைக் கேட்டால், உண்டாம், நான்தான் பார்த்ததில்லை என்பேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் பல்லடத்துக்குத் தெற்கே, தாராபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற இந்த மானாவாரிக் காட்டில் கிளுவை வேலிக்கு நடுவில்தான் குடித்தனம். இத்தனை வருஷத்தில் ஒரு கிளுவையாவது விதையிலிருந்து முளைத்து, இரண்டு இலையோடு மண்ணைவிட்டு எட்டிப் பார்த்தது கிடையாது. நான் ஏனோதானோவென்று பார்க்கிறவளும் இல்லை. பனியன் கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. துணியில் ஒரு இழை விட்டிருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடிப்பிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவள்.

கிளுவை வெட்டுப்பட்டுத்தான் பெருகுகிறது. வேலியில் நீண்ட கிளையை ஆள் உயரத்துக்கு வெட்டி, இன்னோர் இடத்தில் குழி போட்டு நட்டால் அது தனி மரமாகிவிடும். அப்படி நடுவதற்காக வெட்டிய கிளைக்குப் போத்து என்று பெயர். நட்ட போத்துகள் நெருங்கி வளர்ந்து முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொண்டால் வேலி. அந்த வேலியைக் கழித்துவிடும்போது அடுத்த காட்டுக்குப் போத்து கிடைக்கும். காற்றில் ஒடிந்து, மழைத் தண்ணீரில் இழுபட்டு, எங்கோ மண்ணில் பாதி புதைந்த கிளையும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். இதை யோசித்துப் பார்த்தால் எங்கள் வேலி, பக்கத்துக் காட்டு வேலி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற வேலி எல்லாம் என்றைக்கோ யாரோ நட்ட ஒரே மரம்தான். அந்த ஒரு மரம்தான் ஊர் முழுக்க வரிசை கட்டி நிற்கிறது. கிளுவையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்கிறார்கள். எங்கள் வேலியில் பொடிப்பொடியாகப் பூ வரும். காய் பிடித்ததே இல்லை. எல்லாம் ஒரே மரமாக இருந்தால் காய் எங்கிருந்து வரும்?

எனக்கு அந்தச் செடியைப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சீர், விசேஷம் நடக்கிற வீடுகளில் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறவர்களையும், மாற்றாமல் என் காதுபடவே பேசுகிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு காய்கூடக் காய்க்காமல் ஊரையே வளைத்து நிற்கிற கிளுவையைப் பார்த்தால் எனக்குள் ஒரு திமிர் வரும். அந்தத் திமிரோடு கம்பெனிக்குப் போய் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பேன்.

என் வீட்டுக்காரர் வேஸ்ட் மில்லில் இருந்தவர். பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சுகிற துணித்துண்டுகளைக் கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக்குகிற மில். மீசை முளைத்த காலத்திலிருந்து அந்தத் தூசியைத்தான் மூச்சாக இழுத்தார். நாற்பதைத் தாண்டியபோது நெஞ்சு கெட்டுப்போய்விட்டது. இனி மில் வாசற்படியை மிதித்தால் நான் பொறுப்பில்லை என்று கோயமுத்தூர் டாக்டர் கையை விரித்துவிட்டார். வேறு கம்பெனிக்காரர்களும் சேர்த்துக்கொள்ளவில்லை. நாலு எட்டு வேகமாக நடந்தாலே மூச்சு இளைக்கிற ஆளை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

அதனால் செம்மறி ஆடு வாங்கினோம். எங்கள் பக்கத்துக் கொரங்காடு ஆட்டுக்கென்றே ஆனது. உழாமல் விட்ட நிலம், கொழுக்கட்டைப் புல், அங்கங்கே ஒரு வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. ஆடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஓட வேண்டியதில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் போதும். அவர் நெஞ்சுக்கு அளவெடுத்துத் தைத்த வேலை அது. ஆடுகள் பெருகின. மூச்சு வாங்குகிறபோதும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னார்.

"இந்த ஆடுக இருக்கற வரைக்கும் நான் ஒருத்தன்கிட்ட கை கட்டி நிக்க வேண்டியதில்ல அம்மிணி. முக்கியமா எங்கண்ணன்கிட்ட."

அவருடைய அண்ணன் பெரிய ஆள். சொந்தமாகத் தையல் கம்பெனி, கார், ரோட்டு மேல் மாடி வீடு. தம்பியை மில்லில் சேர்த்துவிட்டவரும் அவர்தான், தம்பிக்கு நெஞ்சு கெட்டபோது எட்டிப் பார்க்காதவரும் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தனக்குக் கீழே இருக்கிறவர்களிடம் மட்டும் அன்பாக இருக்கத் தெரிந்தவர். காடு இருவருக்கும் பொதுவாக இருந்தது. தன் கம்பெனியில் வேலை செய்கிற வடநாட்டுப் பையன்களைத் தங்கவைக்க அதில் தகரக் கொட்டகை போடப் போவதாக அவர் சொன்னதும், பங்கைப் பிரித்துக் கொடுங்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வாழ்நாளில் அவர் அண்ணனிடம் எதிர்த்துக் கேட்டது அது ஒன்றுதான்.

"எதுக்குடா தம்பி தனித்தனியா?" என்றார் அண்ணன். "உங்களுக்கு அப்பறம் எல்லாம் நம்ம பசங்களுக்குத்தான வரப்போவுது."

நம்ம பசங்கள் என்றால் அவருடைய பிள்ளைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாங்க இன்னும் சாகலீங்களே" என்றேன்.

அந்த ஒரு பேச்சுக்காகவே பங்கு பிரிந்தது என்றுகூடச் சொல்லலாம். ஐப்பசியில் பத்திரப் பதிவு முடிந்தது. மூன்று பக்கம் பழைய வேலி நின்றது. காட்டை இரண்டாக அறுத்த புதுக் கோட்டில்தான் வேலி இல்லை. அந்தப் பக்கம் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால், நடுக் கோட்டு வேலிக்கு முதல் போத்தை மூத்தவர் தன் பாகத்து வேலியிலிருந்து வெட்டி, மஞ்சள் தடவி இளையவர் கையில் கொடுக்க வேண்டும். பிரிந்தாலும் வேலி ஒன்றுதான் என்பது அதற்கு அர்த்தம். எந்த மாதத்தில் பிரிகிறார்களோ அந்த மாதத்திலேயே கொடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடுவது பகை. அண்ணன் மழையில் நனைந்தபடி வந்து வெட்டிக் கொடுத்தார். வேலி முழுக்க இலை அடர்ந்து பளபளவென்றிருந்த நேரம். மிச்சப் போத்துகளையும் அவர் ஆட்களே வெட்டி எங்கள் கோட்டில் கொண்டுவந்து போட்டார்கள்.

கிளுவை இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாகத் தூங்குகிற கோடையில்தான் போத்து வெட்ட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் வாய்க்கால் பாசனத்துக் கணியூர்க்காரி. எங்கள் ஊரில் கரும்புக் கரணையை வெட்டுவதும் நடுவதும் தண்ணீர் கட்டுவதும் ஒரே மூச்சில் நடக்கும். என் வீட்டுக்காரருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சின்ன வயதிலேயே மில்லுக்குப் போனவருக்குக் காட்டு வேலை எல்லாம் அரைகுறைதான். அவர் அண்ணனுக்குத் தெரியுமா, தெரிந்தேதான் கொடுத்தாரா என்பதை இன்று வரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. சில நாள் தெரியும் என்று தோன்றும், சில நாள் பாவம் என்று தோன்றும்.

நடுவதற்கு முன் என் வீட்டுக்காரர் போனில் ஒரு வீடியோ பார்த்தார். ரோஜாக் கிளையில் ஈரத் துணியைச் சுற்றிப் பதியம் போடுகிற வீடியோ. அது போதாதா? மில்லில் காற்றில் ஈரம் குறைந்தால் நூல் பட்பட்டென்று அறுந்துவிடும் என்று வாழ்க்கை முழுக்கக் கேட்டுப் பழகியவர். ஈரம் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்பது அவர் எலும்பில் ஊறிய நம்பிக்கை. இந்தப் பக்கம் பனியன் வேஸ்ட் படாத காரியமும் கிடையாது. வண்டி துடைக்க, தக்காளிச் செடி கட்ட, தலையணை அடைக்க, தொட்டில் கட்டக்கூட அதுதான். ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கொண்டுவந்து, ஒவ்வொரு போத்தின் வெட்டுவாயிலும் நனைத்துச் சுற்றி, இறுக்கிக் கட்டிக் குழியில் இறக்கினார். போர்வெல் தண்ணீரிலிருந்து சொட்டுக் குழாய் இழுத்து ஒவ்வொரு போத்தின் காலடியிலும் விட்டார். கடைசியில் படல் பக்கம் வந்தபோது துணி தீர்ந்துபோனது, குழாயும் எட்டவில்லை. அன்றைக்கே அவருக்கு நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மிச்சப் போத்துகள் மரத்தடியில் கேட்பாரற்றுக் கிடந்தன. திரும்பி வந்த பிறகு, கிடக்கிறதே என்று அவற்றைச் சும்மா குத்தி வைத்தார்.

நட்ட போத்துகளில் இருந்த இலை எல்லாம் முதலில் வாடி உதிர்ந்தது. பிறகு கார்த்திகையில் கணுவுக்குக் கணு பச்சைப் புள்ளி வைத்தது. அடுத்த வாரம் கோடு முழுக்கத் தளிர். அவருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் எழுந்ததும் வேலியோரமாக ஒரு நடை போவார். நகத்தால் பட்டையைக் கீறுவார். உள்ளே பச்சை தெரியும். அந்த விரலை என் மூக்கருகே கொண்டுவந்து காட்டுவார், கிளுவைப் பாலின் வாசம் அடிக்கும்.

"பாத்தியா? மில்லுக்காரன் நட்ட வேலி."

துணியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் நான் பாஸ் பண்ணுவதில்லை. பழக்க தோஷம். "ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு புடுங்கி அடியில பாக்கட்டுங்களா?" என்றேன்.

"பொறந்த கொழந்தயத் தலகீழாத் தூக்கியா பாப்பாங்க? உட்ரு புள்ள."

போத்தை நோக்கிப் போன கையை எடுத்துக்கொண்டேன். அவர் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் வந்த வார்த்தை. என்றாலும் எனக்குக் குத்தத்தான் செய்தது.

இதற்குள் அண்ணன் பாகத்தில் கொட்டகை நிரம்பிவிட்டது. ஒருவன் வந்தால் அவன் ஊரிலிருந்து இன்னும் நாலு பேர், அந்த நாலு பேருக்குப் பின்னால் அவர்களுடைய தம்பிகள். பாவம், நல்ல பையன்கள். மெஸ்ஸில் மிஞ்சுகிற சோறு, கோழிக் கழிவு எல்லாம் எங்கள் கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு மூலையில் கொட்டினார்கள். எங்கிருந்துதான் வந்தனவோ, நாய்கள் கூடின. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கூட்டம். கோழிக் குடலுக்குப் பழகிய நாய்கள் வெறும் சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்விடும். அவை எங்கள் ஆட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் பயமில்லாமல் இருந்ததற்குக் காரணம், புது வேலிக்கு முன்னால் வேல முள்ளை வெட்டி அடுக்கிய முள்வேலி இருந்ததுதான். போத்து வேர் பிடித்து ஒரு கோடையைத் தாண்டுகிற வரை அந்தக் காய்ந்த முள் கூடவே நிற்க வேண்டும். தையில் அண்ணன் வந்தார்.

"தம்பி, உன்ற முள்ளு செதறி பசங்க வண்டி டயரெல்லாம் பஞ்சராவுது. உன்ற வேலிதான் தழச்சிருச்சே, இன்னும் இது எதுக்கு?"

தன் வேலியை அண்ணன் வாயால் தழைத்தது என்று கேட்ட சந்தோஷத்தில் இவர் அன்றைக்கே முள்ளை வாரி ஒரு மூலையில் குவித்துக் கொளுத்தினார். நான் கம்பெனியிலிருந்து வந்தபோது சாம்பல் புகைந்துகொண்டிருந்தது.

மாசியில் புது வேலி இலையை உதிர்த்தது. நான் பதறிப்போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். பழைய வேலியைக் காட்டினார். அதுவும் மொட்டையாகத்தான் நின்றது. வெயில் ஏறினால் கிளுவை இலையைக் கொட்டிவிட்டுச் சாம்பல் நிறக் குச்சியாகத் தூங்கும், முதல் மழைக்குத்தான் விழிக்கும். எல்லாம் சரிதான். செத்த கிளுவையும் வெயில் காலத்தில் அதே மாதிரிதான் நிற்கும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம். கம்பெனியில் போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் கிடைக்கும். திறந்தால் அவரிடமிருந்து அழைப்பு மேல் அழைப்பு. திரும்பக் கூப்பிட்டால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சு வரவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டே போனேன்.

நாய்கள் கோட்டைத் தாண்டி வந்திருந்தன. தாண்டக்கூட வேண்டியிருக்கவில்லை. முதல் நாய் உடம்பால் உரசியதும் போத்து சாய்ந்திருக்கிறது, அந்தச் சந்து வழியாக மற்றவை புகுந்திருக்கின்றன. மரத்தடியில் இருந்த இவர் எழுந்து ஓடப் பார்த்தார். ஓட முடியவில்லை. கத்தப் பார்த்தார். சத்தம் எழும்பவில்லை. செம்மறிக்குத் தப்பிக்கத் தெரியாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூலையில் போய் நிற்கும். மூன்று பக்கமும் பழைய வேலி அடைத்து நின்றதால் அவற்றுக்குப் போக வழியும் இல்லை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த வடநாட்டுப் பையன்கள் ஆட்டின் கதறல் கேட்டுக் கட்டையோடு ஓடி வந்துதான் நாய்களை விரட்டினார்கள். நான் போனபோது ஒரு பையன் இவர் தலையைத் தன் மடியில் வைத்து, "சாச்சா, சாச்சா" என்று தன் பாஷையில் சித்தப்பா முறை சொல்லிக் கூப்பிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான்.

தொண்டை கிழிந்த ஆடுகள் அங்கேயே கிடந்தன. வயிறு கிழிந்தவை இன்னும் நின்றுகொண்டிருந்தன, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். ஊசி போட்டவையும் அந்த வாரத்துக்குள் ஒவ்வொன்றாகப் போயின. தப்பிய ஒன்றிரண்டும் தீவனத்தில் வாய் வைக்கவில்லை, யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள்.

குழி தோண்டிப் புதைத்து முடித்த மறுநாள் நான் கம்பெனிக்குப் போகவில்லை. கோட்டின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு போத்தாகப் பிடித்து இழுத்தேன். வெந்த சோற்றிலிருந்து கரண்டியை உருவுவதுபோல வந்தன. அடிப்பாகம் கறுத்துக் கொழகொழவென்று நாறியது. ஒரு வேர் இல்லை, மருந்துக்குக்கூட இல்லை. கிளைக்குள் சேமித்து வைத்திருந்த சாற்றை எடுத்துத்தான் இத்தனை நாளும் இலை விட்டிருக்கிறது. அது தீர்ந்ததும் கதை முடிந்துவிட்டது. சுற்றியிருந்த பனியன் துணி மட்டும் மக்கவே இல்லை. ரோஸ், கிளிப்பச்சை, மஞ்சள் எல்லாம் கடையில் வாங்கியதுபோல இருந்தன. எனக்கு அந்த நிறங்களைப் பார்க்கப் பார்க்க வெறி வந்தது. பிடுங்கிப் பிடுங்கி எறிந்தேன்.

படல் பக்கம் வந்து இழுத்தபோது கை நின்றது. மறுபடி இழுத்தேன், அசையவில்லை. துணி இல்லாமல், தண்ணீர் இல்லாமல், மரத்தடியில் காய்ந்து கிடந்துவிட்டு நடப்பட்டவை அவை. வெட்டுவாய்ப் பால் உறைந்து மூடிக்கொள்கிற வரை கிளுவையை நிழலில் பட்டினி போட வேண்டும், பிறகும் மழை வருகிற வரை தாகத்தோடு விட வேண்டும், அப்போதுதான் அது வேரைத் தேடும். ஊரே வந்து இதைச் சொன்னது, எல்லாம் முடிந்த பிறகு. "ஈரத்துலயே வெச்சிருந்தா அழுகாம என்ன பண்ணுமுங்க?" என்று வேலியோரமாகப் போகிறவர்கள்கூட நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் சொட்டுக் குழாய் இழுத்தபோதும் இதே வழியாகத்தான் போனார்கள். அப்போது ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பிழைத்த அந்தக் கொஞ்சம் போத்திலிருந்து நான் வேலியை மறுபடி கட்டினேன். கோடையில் கிளை கழித்து, நிழலில் போட்டு, மழைக்கு முன் நட்டேன். அடுத்த கோடையில் அவற்றிலிருந்து இன்னும் கொஞ்சம். இப்போது கோடு முழுக்க முள்ளும் கிளையுமாகப் பின்னி நிற்கிறது, ஓணான்கூட நெளிந்துதான் வர வேண்டும். உள்ளே புல் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து காய்ந்து கிடக்கிறது. மேய ஒன்றுமில்லை. மறுபடி ஆடு வாங்கலாம் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், ஆமாம் என்றா வேண்டாம் என்றா என்று தெரியாதபடி.

ஆடுகள் போன கொஞ்ச நாளில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"சும்மா ஊட்டுல உக்காந்து என்ன பண்ணப்போற தம்பி? நம்ம கொட்டகைக்கு வாட்ச்மேன் வேணும். கேட்டுல உக்காந்துக்க. உனக்கென்ன, கஷ்டமில்லாத வேலை."

இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "செரிங்கண்ணா" என்றார்.

இந்த வாரம் எனக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. வேலி கழித்துக்கொண்டிருந்தேன். கிளைகளுக்கு நடுவில் அந்தப் பக்கம் தெரிந்தது. காக்கிச் சட்டையில் அவர் மெஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனார். கழிவைக் கொட்டுவதும் வாட்ச்மேன் வேலைதானாம். நாய்கள் அவரைச் சுற்றி வாலை ஆட்டிக்கொண்டு போயின. நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"அதுகளுக்கு என்ன தெரியும் அம்மிணி" என்றார். "வழி இருந்துச்சு, வந்துச்சுக."

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரோட்டுப் பக்கம் கார் ஹாரன் கேட்டது. அண்ணனின் கார். இரண்டாவது ஹாரனுக்குள் கேட் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வரும். இவர் வாளியை அப்படியே போட்டுவிட்டு, நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினார்.